சோப்புத் தடிப்பு

அந்தச் சலவை ஆலையில் கை சிவக்காதவர்கள் அலுவலக அறையில் உட்கார்ந்திருப்பவர்களும், கையுறையைக் கழற்றாத ஓரிருவரும் மட்டும்தான். மற்றவர்களுக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே விரலிடுக்கில் அரிப்பு தொடங்கும், அடுத்த மாதம் புறங்கை வெடிக்கும். அதற்குப் பெயர் சோப்புத் தடிப்பு. யாரும் அதை நோய் என்று நினைப்பதில்லை. புது ஊருக்கு வந்தவரிடம் தண்ணீர் ஒத்துக்கொண்டதா என்று விசாரிப்பதுபோல, "சோப்பு பிடிச்சிருச்சா?" என்று விசாரிப்பார்கள். முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில் வாளி அளவுக்கு ஒரு களிம்பு டப்பா எப்போதும் திறந்தே இருக்கும். சூப்பர்வைசரின் வைத்தியமும் எல்லோருக்கும் மனப்பாடம்: களிம்பு, புதுக் கையுறை, இரண்டு நாள் மடிப்பு மேசை.

எட்டாம் நம்பர் மெஷினை ஓட்டுவதால் எட்டு என்றே அழைக்கப்பட்டவளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தடிப்பு வந்தது. கையில் வரவில்லை. குளித்துவிட்டுத் துடைக்கும்போது கழுத்தெலும்புக்குக் கீழே மிளகைவிடச் சிறிதாகச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பார்த்தாள். அங்கே இன்னும் அதிகம். சட்டையைப் போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டிக்கொண்டாள். சோப்பு அந்த இடத்துக்குப் போகாது என்று, எட்டு வருடம் சோப்பில் வேலை பார்த்தவளுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சமையலறை அலமாரியில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் மாத்திரை இருந்தது. வெள்ளை நிறம், சட்டைப் பொத்தான் அளவு. மனநல டாக்டர் அதை முதன்முதலில் எழுதிக் கொடுத்தபோது மேசையை மூன்று முறை தட்டிச் சொன்னார்: தோலில் எது வந்தாலும், கொசு கடித்த மாதிரி இருந்தாலும், அன்றைக்கே வர வேண்டும். அந்தத் தட்டல் அவளுக்கு இப்போதும் கேட்டது. அன்றைய மாத்திரையை எடுத்து, தண்ணீர் ஊற்றி, விழுங்கினாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். இன்னும் பன்னிரண்டு நாள்.

பன்னிரண்டு நாள் கழித்து வருகிற ஞாயிற்றுக்கிழமை மகள் இந்த வீட்டுக்கே திரும்பி வருவாள்.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு நண்பகலில் எட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போய், வீட்டில் அவசரம் என்று சொல்லி மகளை அழைத்துக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி, ஆற்றின் குறுக்கே பாதி கட்டி நின்ற பாலத்தின் மேல் ஏறினாள். அங்கிருந்து பார்த்தால் தாங்கள் கட்டப்போகும் வீடு தெரியும் என்றாள். நாலு நாள் தூங்காத உற்சாகத்தில் இருந்தவளுக்கு அது உண்மையாகவே தெரிந்தது. கைப்பிடிச் சுவர் இல்லாத விளிம்பில் நின்றுகொண்டிருந்த ஒன்பது வயதுக்காரிக்குத் தெரியவில்லை. கம்பி கட்டும் ஆள் ஒருவர் மெல்லப் பேச்சுக் கொடுத்தபடி வந்து, குழந்தையின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்து வெளியே வந்தபோது மகள், எட்டுவின் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் லாரியில் ஊர் ஊராகப் போகிறவன், வீட்டில் சொல் அண்ணியுடையது. அண்ணிக்குப் பேருந்து நிலையத்தில் முன்பதிவுச் சாளரத்தில் வேலை. இல்லை என்ற சொல்லை ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்லிப் பழகியவள். சாப்பாட்டு மேசையில் வைத்து அவள் போட்ட நிபந்தனை எளிமையானது. ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை, ஒழுங்காக வேலை, நடுவில் ஒரு தடங்கலும் இருக்கக் கூடாது. அப்புறம் அவளே பையைக் கட்டி அனுப்பிவைப்பாள். மாத்திரையில் எந்த மாற்றம் செய்தாலும் டாக்டர் அண்ணிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு தாள் இருந்தது. எட்டு அதில் கையெழுத்துப் போட்டாள். கணவன், முதல் தடவை அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோதே கைகழுவிவிட்டுப் போனவன். அவனைப் பற்றி இந்தக் கதையில் வேறெதுவும் இல்லை.

ஆக, டாக்டரிடம் போனால் மாத்திரையை நிறுத்துவார். நிறுத்தினால் அன்று மாலையே அண்ணிக்குத் தெரியும். மாத்திரைக்குப் பதிலாகக் கிடைக்கப்போவது பழைய மாத்திரை. பழைய மாத்திரை காலத்தில் எட்டு ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் தூங்கினாள். நாக்கு தடித்து, பேச்சு வழுக்கி, நின்றபடியே மெஷின்மேல் சாய்ந்து கண்ணை மூடுவாள். ஒரு காலையில் ஆறு வயது மகள் எழுப்பி எழுப்பிப் பார்த்துவிட்டு, தானே தலை வாரிக்கொண்டு, வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போனாள். அந்த மாத்திரைக்குத் திரும்பினால் அண்ணி மகளை அனுப்பமாட்டாள். அனுப்பினால்தான் தப்பு என்று எட்டுவுக்கே தெரியும்.

புது மாத்திரை அப்படி இல்லை. ஆறு மாதத்தில் அவள் ஒரு நாள்கூட வேலைக்குத் தாமதமாகப் போகவில்லை. அழுகை வந்தால் அழுகை வந்தது, சிரிப்பு வந்தால் சிரிப்பு வந்தது, இரண்டும் வந்த வழியே போயின. நாலு மாதமாக முழு அளவில் சாப்பிட்டு ஒன்றும் செய்யாத மாத்திரை இப்போது மட்டும் ஏன் செய்யப்போகிறது என்று பேருந்தில் போகும்போது தனக்குத்தானே வாதாடினாள். வாதம் நன்றாகவே இருந்தது. பன்னிரண்டு நாள், அதற்கு மறுநாள் திங்கட்கிழமை காலை டாக்டரிடம் போய்விடலாம் என்ற முடிவோடு ஆலை வாசலில் இறங்கினாள்.

அந்த ஆலைக்கு வருவதெல்லாம் மருத்துவமனைத் துணிகள். நடுவில் கூரைவரை ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். பன்னிரண்டு மெஷின்களும் சுவருக்குள் பதிந்திருக்கும். இந்தக் கதவு வழியே அழுக்குத் துணியைப் போட்டால் அந்தக் கதவு வழியே சுத்தமாக எடுப்பார்கள். ஒரு கதவு பூட்டாமல் மறு கதவு திறக்காது. அழுக்குப் பக்கத்து ஆள் சுத்தப் பக்கம் போக வேண்டுமானால் குளித்து, உடை மாற்றி, வெளியே சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் எட்டாம் நம்பரின் மறுபக்கம் துணி எடுக்கிறவளை எட்டு பெரும்பாலும் இன்டர்காம் குரலாகத்தான் அறிவாள். அவள் பெயர் ரேடியோ. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

வரிசை வரிசையான மெஷின்களுக்கு ஆலையில் ஒரு சட்டம் உண்டு. மின்சாரம் போய் மெஷின் பாதியில் நின்றால், வந்ததும் நின்ற இடத்திலிருந்து ஓட்ட வேண்டும். மறுபடி முதல் அலசலுக்குப் போகிறவன் தண்ணீரையும் சோப்பையும் நேரத்தையும் கரியாக்குகிறான் என்று சூப்பர்வைசர் காது கிழியத் திட்டுவார். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடமே அதுதான்.

தடிப்பு வருவதற்கு மூன்று வாரம் முன்பு, மருத்துவமனையில் ஏதோ தொற்று பரவியபோது, அழுக்குப் பக்கத்தில் இருந்தவர்களை வெளியே விடாமல் ஆறு நாள் மாடி மண்டபத்திலேயே தங்கவைத்தார்கள். சாப்பாடு வந்தது, மாற்று உடை வந்தது. எட்டுவின் மாத்திரை சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. ஆலையில் யாருக்கும் அவள் நோய் தெரியாது. அண்ணியிடம் எடுத்துவரச் சொன்னால், தடங்கல் என்று அதுவே கணக்காகிவிடும். வாயை மூடிக்கொண்டு ஆறு நாளைக் கடத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்த அன்றே, விட்ட இடத்திலிருந்து, முழு அளவு மாத்திரையைத் தொடர்ந்தாள். ஆறு நாள் மாத்திரை இல்லாமலே நேராக நின்றோம் என்று அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

வியாழக்கிழமை தடிப்பு கழுத்துக்கு ஏறியது. பொத்தானுக்கு மேலே இரண்டு விரல் அகலம் வெளியே தெரிந்தது. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, என்ன எட்டு, சோப்பு இத்தனை வருஷம் கழித்துத்தான் உன்னைக் கண்டுபிடித்ததா என்று சிரித்தார். கையைக் காட்டச் சொன்னார். கையில் ஒன்றுமில்லை. கையுறைக்குள் பாதுகாப்பாக இருந்த, வெளுத்த, சுருங்கிய, நல்ல கைகள். அவர் புருவத்தைச் சுருக்கினார். கையில் இல்லாமல் கழுத்தில் வருகிற சோப்பை நான் பார்த்ததில்லையே, எதற்கும் ஆலை நர்ஸிடம் ஒரு தடவை காட்டு என்றார். சந்தேகத்தில் சொல்லவில்லை, அக்கறையில்தான் சொன்னார். அந்த நர்ஸ் முதலில் கேட்கும் கேள்வி என்னவென்று எல்லோருக்கும் தெரியும்: வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா?

மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் எட்டு, மெஷின்களுக்குப் பின்னால் இருக்கும் குறுகிய சந்துக்குப் போனாள். மெஷின்களுக்குச் சோப்பும் காரமும் ஊட்டுகிற நீல டிரம்கள் அங்கே வரிசையாக இருந்தன. காரம் இருக்கிற டிரம்மின் மூடியில், தோலை அரிக்கும் என்ற எச்சரிக்கையாக எலும்புக்கை படம் போட்டிருந்தது. இரண்டு கையுறைகளையும் கழற்றி இடுப்புப் பட்டையில் செருகினாள். மூடியைத் திருகினாள். தண்ணீர் வாளியில் ஒரு குவளை காரத்தை ஊற்றிக் கலக்கி, இரண்டு கைகளையும் மணிக்கட்டுக்கு மேல்வரை உள்ளே விட்டாள். முதலில் வழவழப்பாக மட்டும் இருந்தது. முப்பது எண்ணுவதற்குள் எரிந்தது. அறுபதுவரை எண்ணினாள். குழாயில் கழுவும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் கைகள் ஆலையிலேயே யாருக்கும் இல்லாத சோப்புத் தடிப்போடு இருந்தன. சூப்பர்வைசர் களிம்பு டப்பாவை அவரே எடுத்து வந்து நீட்டினார். நர்ஸைப் பற்றி அதன்பின் பேச்சில்லை. கை ஆறும்வரை மடிப்பு மேசைக்கு அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அண்ணி வீட்டுக்கு மூன்று மணி நேரம் போய்வரலாம். அந்த ஞாயிறு முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு போனாள். அண்ணி கதவைத் திறந்ததும் பார்த்தது கைகளைத்தான். இது கையா, உரித்த கிழங்கா என்றாள். சோப்பு என்றாள் எட்டு. இந்த வேலையை விட்டுத் தொலைத்தால்தான் என்ன என்று அண்ணி புலம்பிக்கொண்டே உள்ளே போய், தன் அலமாரியிலிருந்து விலை அதிகமான க்ரீம் ஒன்றை எடுத்துவந்து மகளிடம் கொடுத்தாள்.

"இந்தா, உங்கம்மாவுக்குத் தடவிவிடு. அடுத்த வாரத்துலேர்ந்து இதெல்லாம் உன் டியூட்டிதான்."

அண்ணி அடுப்பைப் பார்க்கப் போனாள். திட்டினால் தாங்கிக்கொள்ளத் தயாராக வந்தவளுக்கு, அந்த க்ரீமைத் தாங்கத்தான் சிரமமாக இருந்தது. மகள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, விரல் விரலாகத் தடவினாள். எதையும் அரைகுறையாகச் செய்யாத பிள்ளை. மணிக்கட்டு முடிந்ததும் சட்டைக் கையை மேலே ஏற்றினாள். முழங்கைவரை சிவப்புத் திட்டுகள், ஒன்றோடொன்று சேர்ந்து, வரைபடத்தில் தீவுகள் மாதிரி. மகள் தொடாமல் பார்த்தாள்.

"இங்கயும் சோப்பா?"

"ஆமா."

"முதுகுல?"

எட்டு கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அடுப்பங்கரையிலிருந்து அண்ணியின் செருப்புச் சத்தம் கேட்டது. மகள் சட்டைக் கையை இழுத்து இறக்கி, மணிக்கட்டில் பொத்தானையும் மாட்டிவிட்டாள். அண்ணி உள்ளே வந்தபோது அவள் க்ரீம் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. எட்டு அந்த முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு சுத்தமாக மறைக்க இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்து, யோசனையைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

போகும்போது மகள் தன் அறையைக் காட்டினாள். பையை ஏற்கனவே கட்டி வைத்திருந்தாள். பள்ளி உடைகள் அடியில், புத்தகங்கள் ஓரத்தில், பல் துலக்கும் பிரஷ் மட்டும் கடைசி நாள் வைக்க வேண்டியது என்று விளக்கினாள்.

இரண்டாவது வாரம் நீளமாக இருந்தது. மடிப்பு மேசையில் இருப்பதால் ரேடியோ இப்போது நேரில் எதிரே நின்றாள். ஒரு நாளைக்கு எண்ணூறு படுக்கை விரிப்பு. ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து, உதறி, நடுவில் சந்தித்து, பிரிந்து, மறுபடி சந்திப்பார்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் ரேடியோ ஒரு செய்தி வைத்திருப்பாள். புதன்கிழமை செய்தி எட்டுவைப் பற்றியதாக இருந்தது. எட்டு குனிந்தபோது சட்டை மேலேறி முதுகு தெரிந்துவிட்டது.

"ஏண்டி, உன் மெஷின் கைய மட்டும் துவைக்குதா, முதுகையும் சேத்துத் துவைக்குதா?"

அலர்ஜி என்றாள் எட்டு. எதுக்கு என்றாள் ரேடியோ. மீன் சாப்பிட்டேன் என்றாள். நீ மீன் சாப்பிடமாட்டியே, நாலு வருஷமா சாப்பாட்டு ரூம்ல என் டப்பாவைப் பார்த்து மூக்கைப் பொத்துறவ நீ, என்றாள் ரேடியோ. எட்டு, விரிப்பை இழுத்து உதறினாள். சத்தம் துப்பாக்கி மாதிரி வந்தது. ரேடியோ அதற்கப்புறம் அன்று முழுவதும் வாயைத் திறக்கவில்லை. ஆலையில் அது பலருக்கு ஆச்சரியமாக இருந்தது.

வியாழக்கிழமை காய்ச்சல் வந்தது. தொற்றுக் காலத்திலிருந்து ஆலை வாசலில் காவலாளி ஒவ்வொருவர் நெற்றியிலும் காய்ச்சல் அளக்கும் கருவியை நீட்டுவார். எட்டு, ஆலை வாசலுக்கு ஒரு நிறுத்தம் முன்பே பேருந்திலிருந்து இறங்கி, காய்ச்சல் மாத்திரை ஒன்றை விழுங்கி, ஒரு கடை வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து, ஈரத் துணியால் நெற்றியை அழுத்தித் துடைத்துவிட்டு நடந்து போனாள். கருவி ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையும் அதையே செய்தாள். வெள்ளிக்கிழமை மாலை உள் உதட்டில் இரண்டு கொப்புளம் வந்தது. சனிக்கிழமை காலை கண்ணுக்குள் சோப்புத் தூள் விழுந்தது மாதிரி உறுத்தியது. அன்றைய வெள்ளை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். விழுங்கினால் உடம்பு. விழுங்காவிட்டால் பாலம். நாளைக்கு ஒரு நாள்தானே என்று, வாய்ப் புண்ணில் படாமல் நாக்கின் நடுவில் வைத்து, விழுங்கினாள்.

அன்று ஆள் குறைவு என்று அவளை மறுபடி அழுக்குப் பக்கத்துக்கு அனுப்பியிருந்தார்கள். பதினொன்றரை மணிக்கு இன்டர்காமில் சூப்பர்வைசர் கூப்பிட்டார். உன் அண்ணி வாசலில் நிற்கிறார், அவசரமாம். குளித்துவிட்டுத்தான் வெளியே போக முடியும். தண்ணீர் முதுகில் பட்டபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். துண்டால் ஒற்றி எடுத்தபோது துண்டில் வெங்காயச் சருகு போல ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. அதை மடித்து அழுக்குக் கூடையில் போட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

அண்ணி வேலைச் சீருடையிலேயே வந்திருந்தாள். சாளரத்தை மூடிவிட்டு வந்திருக்க வேண்டும்; அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை. ஒன்றும் பேசாமல் எட்டுவின் உதடுகளைப் பார்த்தாள், கண்களைப் பார்த்தாள். பெண்கள் கழிவறை எங்கே என்று கேட்டாள். உள்ளே போனதும் கதவைத் தாழிட்டாள்.

"சட்டையக் கழட்டு."

எட்டு திரும்பி நின்று கழற்றினாள். குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.

"இது சோப்பா?"

"இல்ல அண்ணி. மாத்திரை."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"மொத நாளே."

அண்ணி சட்டையை எடுத்து, முதுகில் உரசாமல் தோள்மேல் போர்த்தினாள்.

"தெரிஞ்சே முழுங்கிட்டு இருந்திருக்கே."

"நாளைக்கு ஞாயித்துக்கிழம அண்ணி."

"ஆமா, ஞாயித்துக்கிழம. அவள உன் வீட்டுல விட்டுட்டு நான் பாட்டுக்கு வந்திருப்பேன். திங்கக்கிழம காலைல நீ எழுந்திருக்கலேன்னா, அவ யாரப் போயி எழுப்பியிருப்பா?"

எட்டு சட்டையைக் கைகளில் மெல்ல மாட்டிக்கொண்டாள். வாடகை வண்டி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. அண்ணி அதை அனுப்பாமல் வைத்திருந்தாள்.

மருத்துவமனையில் தோல் பிரிவு டாக்டர், அண்ணியைவிட வயது குறைந்த பெண், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததுமே நடையை வேகப்படுத்தினாள். முதுகை ஒரு விரலால் மெல்ல அழுத்தி நகர்த்தினாள். தோல் விரலோடு நகர்ந்தது. எட்டுவைத் தனி அறையில் படுக்கவைத்தார்கள். படுத்ததும் அவள் செய்த முதல் காரியம் விரிப்பின் ஓரத்தைத் திருப்பி முத்திரையைப் பார்த்தது. வேறு ஆலை. மடிப்பு சுத்த மோசம். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, உதடு ஒத்துழைக்கவில்லை.

டாக்டர் மனநல டாக்டரைத் தொலைபேசியில் பிடித்து, ஒலிபெருக்கியில் போட்டாள். மாத்திரையை இந்த நிமிடத்திலிருந்து நிறுத்த வேண்டும் என்பதில் இருவருக்கும் பேச்சே இல்லை. மனநல டாக்டருக்குப் புரியாத ஒன்று மட்டும் இருந்தது. படிப்படியாக, ஏழு வாரம் எடுத்து அளவைக் கூட்டி, நாலு மாதம் நன்றாக ஒத்துக்கொண்ட மருந்து. நடுவில் விட்டுப்போனதா என்று கேட்டார். அந்த ஆறு நாள் கதையை எட்டு சொன்னாள். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்ப எப்படி ஆரம்பித்தீர்கள் என்றார் அவர். நின்ற இடத்திலிருந்து, என்றாள் எட்டு.

ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் முதல் படியிலிருந்து, கால் மாத்திரையிலிருந்து, ஏழு வாரமும் திரும்ப ஏற வேண்டும், நான் சொன்னேனே என்றார். சொல்லியிருப்பார். மேசையைத் தட்டியது மட்டும்தான் அவளுக்கு நினைவில் நின்றது. முதலிலிருந்து ஓட்டுகிறவனைத் திட்டுகிற இடத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தவள் என்பது அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

இனி என்ன என்பதைத் தோல் டாக்டர் மறைக்காமல் சொன்னாள். மருந்தை நிறுத்தினாலும் தோல் உடனே கேட்காது, இரண்டு மூன்று நாள் இன்னும் உரியலாம், கண்ணைக் கவனிக்க வேண்டும். அதன்பிறகுதான் இறங்கத் தொடங்கும். இந்த மாத்திரையை அவள் ஆயுளுக்கும் தொடக் கூடாது. வேறு டாக்டர் யாரிடம் போனாலும் முதல் வார்த்தையாக இதைச் சொல்ல வேண்டும். மனதுக்கு இப்போதைக்கு ஒரு மருந்தும் இல்லை. உடம்பு தாங்குகிற நிலைக்கு வந்ததும் பழையதைக் கொஞ்சமாகத் தொடங்கலாம் என்றார் தொலைபேசிக்காரர். எட்டு கூரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நர்ஸ் அவள் மணிக்கட்டில், மருந்து ஒவ்வாதவர் என்று காட்டும் சிவப்புப் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டுப் போனாள்.

டாக்டர் போனபின் அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. எட்டு மூன்று தடவை அதைக் கேட்க வாயெடுத்து, கடைசியில் வேறொன்றைக் கேட்டாள்.

"உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரோ சொன்னாங்க."

"ரேடியோவா? உங்க நம்பர் அவகிட்ட கிடையாதே."

அண்ணி பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "காலைல, சாப்பிட உக்காந்தவ தட்டத் தள்ளிட்டு அழுதா. கேட்டா சொல்ல மாட்டேங்கிறா. நான் வேலைக்குப் போனப்புறம் போன் பண்ணிச் சொன்னா. அம்மா முதுகப் போயி பாருங்கன்னா. நாளைக்கு நான் போகலேன்னாலும் பரவால்லன்னா." அவள் நிறுத்தினாள். "தான் சொன்னேன்னு உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிருக்கா. நான் சத்தியத்த ஒடச்சதில்ல. இதான் மொதத் தடவ."

மகள் வெளியே இருந்தாள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை உள்ளே விடுவதில்லை. அண்ணியின் மூத்த மகனோடு பேருந்தில் வந்தவளை நடைபாதையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் விளக்கப் படத்தை அவள் படித்துக்கொண்டிருந்தாள், அல்லது படிப்பதுபோல் நின்றாள். எட்டு படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியாது; இரண்டு கையிலும் ஊசி.

அண்ணி தன் கைபேசியில் அந்தப் பையனை அழைத்து, எட்டுவின் மகளிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, கருவியை எட்டுவின் காதோரம் தலையணையில் வைத்தாள். மகள் கைபேசியைக் காதில் வைத்தாள், திரும்பவில்லை.

"ஏதாவது சொல்லணுமா கண்ணு?" என்றாள் எட்டு. உதடு வெடித்திருந்ததால் சொற்கள் சிதைந்து போயின.

மகள் எதிர்ச் சுவரையே பார்த்தபடி சொன்னாள்.

"இல்ல."

அந்த இல்லையை எட்டு நன்றாக அறிவாள். நர்ஸிடம், ரேடியோவிடம், சூப்பர்வைசரிடம் சொல்ல அவள் வைத்திருந்ததும் அதே இல்லைதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற சின்ன முதுகு ஒரு விரிப்பைப் போல விறைத்திருந்தது. உனக்கு நன்றி என்று சொன்னால் அண்ணியைக் காட்டிக்கொடுத்ததாகும். ஒன்றும் தெரியாததுபோல் இருந்துவிட்டால், இந்தப் பிள்ளை அம்மாவின் முதுகை ஆயுள் முழுக்கத் தனியாகச் சுமக்கும்.

"எனக்குச் சொல்லணும்," என்றாள் எட்டு. "உனக்கு ஒண்ணு நான் சொன்னதே இல்ல. நான் தினம் ஒரு மாத்திரை சாப்பிடுறேன். சாப்பிட்டேன். பாலத்துக்குப் போனோமே, அதுக்காக. அந்த மாத்திரைதான் முதுகுல வந்துருக்கு. எனக்கு மொத நாளே தெரியும். உன்கிட்ட சோப்புன்னு சொன்னது பொய்."

அண்ணி தலையணையில் சரிந்த கைபேசியை நிமிர்த்தி வைத்தாள்.

"நாளைக்கு வர முடியாதா?" என்றாள் மகள்.

"முடியாது."

"அப்போ எப்போ?"

எட்டு அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. டாக்டர்களிடமும் அதற்கு ஒரு தேதி இருக்கவில்லை.

"தெரியல கண்ணு."

மகள் திரும்பினாள். கண்ணாடிக்கு மிக அருகில் வந்து, படுக்கையிலிருந்த முகத்தை, வீங்கிய உதட்டை, பட்டை கட்டிய மணிக்கட்டை, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவசரப்படவில்லை. பிறகு கைபேசியை வாய்க்கு நெருக்கமாகக் கொண்டுபோய், அந்த மாத்திரையின் பெயர் என்ன என்று கேட்டாள். எட்டு சொன்னாள். மகள் அதைத் திருப்பிச் சொன்னாள், தப்பில்லாமல், இரண்டு தடவை.